மண்சுவருக்குள் குளிர்ச்சி எப்படி?

எகிப்தில், லக்ஸருக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில், கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபாத்தி 1946 முதல் நிர்மாணித்த புதிய குர்னா கிராமத்து மண் வீடுகள், கொளுத்தும் வெயிலிலும் உள்ளே இதமாயிருப்பதன் இரகசியம் சுவரின் கனத்தில் இருக்கிறது. பகலில் வெளிப்புறம் ஏற்கும் உஷ்ணம், தடித்த மண்ணுக்குள் மெல்ல ஊர்ந்து உட்புறத்தை எட்டப் பல மணி நேரமாகிறது. அதற்குள் சூரியன் அஸ்தமித்துவிட, ஈரமும் மேகமுமற்ற பாலைவன ஆகாயம் அவ்வுஷ்ணத்தைத் தடையின்றி வெளியேற விட்டு, சுவரை மறுநாளைக்கு ஆயத்தமாக்குகிறது. (இரவிலும் புழுங்கும் கடற்கரை ஊர்களில் இந்த வித்தை இவ்வளவு பலிக்காது.) சுவரைப் போலக் கூரைக்கும் மண்ணையே நம்பி, சதுர அறைக்குக் குவிமாடம், நீள அறைக்கு வளைகூரை என்று சிறு அலகுகளைச் சேர்த்துச் சேர்த்தே ஃபாத்தி வீட்டை வளர்த்தார்; மரம் அரிதான அத்தேசத்தில், நூபியக் கொத்தர்கள் பச்சைச் செங்கல் வரிசைகளைப் பின்சுவரின்மேல் சாய்த்து ஒட்டியே, அடியில் மரத்தாங்கல் எதுவுமின்றிக் கூரையை எழுப்பிவிட்டார்கள்.