சுட்டுக் கொல்லப்பட்ட நிருபரின் கேமரா 15 ஆண்டுக்குப் பிறகு கிடைத்தது!

உள்ளே டேப் அப்படியே இருந்தது

சின்ன வீடியோ கேமரா. ஒரே கையில் பிடித்துவிடலாம். அதைப் பிடித்தபடியேதான் அவர் நடுரோட்டில் குண்டடிபட்டு விழுந்தார். உயிர் போனது. கேமராவும் மாயமாகி விட்டது.

எங்கே போச்சு அந்தக் கேமரா? அவருடைய குடும்பம் 15 ஆண்டுக்கு மேலாக இதையே கேட்டுக்கொண்டிருந்தது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி பதில் கிடைத்தது. தாய்லாந்து தலைநகர் பாங்காக்கில் அந்தக் கேமரா அவருடைய தங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

கொல்லப்பட்டவர் பெயர் கென்ஜி நாகாய். ஜப்பான்காரர். வயது 50. டோக்கியோவில் உள்ள ஏ.பி.எப். செய்தி நிறுவனத்துக்காகப் படம் எடுத்தவர். ஆப்கானிஸ்தான், ஈராக் என்று சண்டை நடந்த இடத்துக்கெல்லாம் கேமராவோடு போனவர். "யாரும் போகாத இடத்துக்கு யாராவது ஒருத்தர் போய்த்தானே ஆகணும்" என்பாராம்.

பிட்சுகள் ஊர்வலம்

2007-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பர்மாவில் (மியான்மர்) ராணுவ ஆட்சி. பெட்ரோல், டீசல், கியாஸ் விலையை அரசு திடீரென்று ஏற்றியது. பஸ் கட்டணம் எகிறியது. வேலைக்குப் போகிறவன் பஸ்சுக்கே சம்பளத்தைக் கொடுக்க வேண்டிய நிலை. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பரில் புத்த பிட்சுகள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள்.

நாகாய், டூரிஸ்ட் விசாவில் ரங்கூன் போய் இறங்கினார். செப்டம்பர் 27-ந் தேதி, சூலே பகோடா அருகே கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கால்சட்டை, செருப்பு, கையில் கேமரா. அவ்வளவுதான்.

ராணுவம் கூட்டத்தை விரட்டியது. துப்பாக்கி வெடித்தது. நாகாய் மல்லாந்து விழுந்தார். விழுந்த பிறகும் கேமராவை விடவில்லை. தூக்கிப் பிடித்திருந்தார்!

அந்தக் காட்சியை மேலே நடைபாலத்தில் நின்ற ராய்ட்டர் போட்டோகிராபர் அட்ரீஸ் லத்தீப் படம் எடுத்தார். அந்தப் படத்துக்கு 2008-ம் ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

"தவறிப் பாய்ந்த குண்டு"

"குண்டு தவறிப் பட்டுவிட்டது" என்றது பர்மா அரசு. ஆனால் சிப்பாய் பக்கத்தில் நின்றே சுட்டதுபோல் தெரியும் வீடியோ, ஜப்பான் டெலிவிஷனில் ஓடியது. நாகாயின் கையில் இருந்த கேமரா மட்டும் திரும்பி வரவில்லை.

அந்த நாளில் ரங்கூன் தெருக்களில் நாகாய் மட்டும் படம் எடுக்கவில்லை. நார்வே தலைநகர் ஆஸ்லோவில் இருந்து இயங்கிய டி.வி.பி. என்ற பர்மிய செய்தி நிறுவனத்தின் ரகசிய நிருபர்களும் எடுத்தார்கள். பையில் ஒளித்து வைத்த சின்ன கேமராதான் அவர்கள் ஆயுதம். படம் வெளிநாடு போய், அங்கிருந்து சாட்டிலைட் வழியாக பர்மா வீடுகளுக்கே திரும்பி வந்தது. இதை வைத்து 2008-ல் வந்த 'பர்மா வி.ஜே.' என்ற டாக்குமெண்டரி, ஆஸ்கார் பரிசுப் போட்டி வரை போனது.

சின்ன கேமரா, பெரிய வேலை

முன்பெல்லாம் டெலிவிஷனுக்குப் படம் எடுக்க, தோளில் சுமக்கும் கனமான கேமரா வேண்டும். தூரத்தில் வரும்போதே போலீசுக்குத் தெரிந்துவிடும். கைக்கேமரா வந்ததும் கதையே மாறியது. 2004-ல் சோனி கம்பெனி எச்.டி.ஆர்.-எப்.எக்ஸ்.1 என்ற கைக்கேமராவை இறக்கியது. பழைய வீடியோ படத்தில் 480 அல்லது 576 கோடுகள்தான். இதில் 1080 கோடுகள். படம் அவ்வளவு துல்லியம். அதுவும் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மினி டி.வி. டேப்பிலேயே ஒரு மணி நேரம் பதிவாகும். தனியாகப் படம் எடுக்கிறவர்களுக்கும் நிருபர்களுக்கும் இது பெரிய வரப்பிரசாதம்.

கடைசிப் பேச்சு

நாகாயின் கேமராவைக் கண்டுபிடித்து வாங்கிக் கொடுத்ததும் அதே டி.வி.பி.தான். யார் கை மாறி வந்தது என்ற முழு விவரத்தையும் அவர்கள் வெளியே விடவில்லை. விட்டால் கொடுத்தவர் கதி என்ன ஆகும்?

உள்ளே இருந்த டேப்பை ஓட்டினால், படம் வந்தது! பிட்சுகள், கோஷம் போடும் கூட்டம், லாரி லாரியாக வந்து இறங்கும் ராணுவம். ஒரு இடத்தில் நாகாய் கேமராவைத் தன் முகத்துக்கே திருப்புகிறார். ராணுவம் ஆயுதத்தோடு வந்துவிட்டது, கோவில் முன்னால் ஜனங்கள் நிறைந்திருக்கிறார்கள் என்று ஜப்பானிய மொழியில் சொல்கிறார். குண்டு பாய்வதற்கு முன்பே பதிவு நின்றுவிடுகிறது.

அண்ணன் எப்படிச் செத்தார் என்ற உண்மை வெளியே வர வேண்டும், டேப்பை ஜப்பானில் நிபுணர்கள் சோதிக்க வேண்டும் என்பதுதான் தங்கையின் கோரிக்கை. கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் அங்கே சொன்னதும் அதைத்தான்.