லண்டனுக்குப் போன களத்து மேட்டுக் கணக்கு

களத்து மேட்டில் நெல் குவிந்து கிடக்கிறது. பாடுபட்ட குடியானவர் ஒரு பக்கம் நிற்கிறார். ஜமீன் ஆள் ஒரு பக்கம் நிற்கிறார். நடுவில் கணக்கப்பிள்ளை. மரக்காலால் அளந்து அளந்து, "இது ஜமீனுக்கு, இது குடிக்கு" என்று பிரிக்கிறார்கள். இதற்கு வாரம் என்று பெயர். வானம் பார்த்த ராமநாதபுரம் சீமையில், கண்மாய் நிறைந்த வருஷங்களில் கண்ட காட்சி இது.

இந்த மாதிரிக் கிராமத்துச் சமாசாரம் கடல் கடந்து, லண்டன் பாராளுமன்றத்துக்கே போனது என்றால் நம்புவீர்களா? ஆம், போனது! அது மட்டுமல்ல. தடித்த புத்தகமாக அச்சும் ஏறியது.

எதற்காக விசாரணை?

அப்போது இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி. கம்பெனிக்குப் பாராளுமன்றம் 20 ஆண்டுக்கு ஒரு முறை உரிமை கொடுத்து வந்தது. 1793-ல் கொடுத்த உரிமை 1813-ல் முடிய வேண்டும்.

"மறுபடியும் உரிமை கொடுக்கலாமா? இந்தியாவில் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?" இதை அறியப் பாராளுமன்றம் ஒரு கமிட்டி அமைத்தது. அந்தக் கமிட்டி 1808 முதல் பல அறிக்கைகளை வெளியிட்டது. அவற்றில் பெயர் பெற்றது, 1812 ஜூலை 28-ந் தேதி அச்சிட உத்தரவான "ஐந்தாவது அறிக்கை".

மூட்டைக்குள் என்ன?

கமிட்டியின் முன் காகிதங்கள் வந்து குவிந்தன. கலெக்டர்கள் எழுதிய கடிதங்கள், வரிக் கணக்குகள், கோர்ட்டு விவகாரங்கள், போலீஸ் ஏற்பாடுகள் என்று எத்தனையோ.

அந்த அறிக்கையில் ஓர் இடத்தில், சென்னை ராஜதானியின் கிராமம் எப்படி இருக்கும் என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியலைக் கேளுங்கள்: ஊர்த் தலைவர், கணக்கு எழுதும் கர்ணம், தலையாரி, தோட்டி, எல்லை காப்பவர், ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவர், பூசை செய்யும் பிராமணர், நல்ல நாள் சொல்லும் பஞ்சாங்கக்காரர், கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், மாடு மேய்ப்பவர், வைத்தியர், நாட்டியக்காரி, பாட்டுக்காரர், புலவர்.

ஒருவர் விடவில்லை! மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூட வாத்தியார்கூட அதில் இருக்கிறார்.

கர்ணம், தலையாரி, பாளையக்காரர் என்ற சொற்கள் லண்டன்காரர்களுக்கு எப்படிப் புரியும்? அதற்காக ஓர் அகராதியே தயார் செய்தார்கள். செய்தவர் சார்லஸ் வில்கின்ஸ். பகவத் கீதையை முதன்முதலில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இவர்தான்.

இந்தக் கிராமப் பட்டியலைக் கார்ல் மார்க்சும் படித்தார். 1853-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தியாவைப் பற்றி எழுதியபோது அதை எடுத்துக் காட்டினார்.

ராமநாதபுரத்துக் கலெக்டர்

1798-ல் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் கலெக்டர் ஜாக்சனை வீரபாண்டிய கட்டபொம்மன் சந்தித்ததும், அங்கே கைகலப்பு நடந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஜாக்சனுக்குப் பின் வந்த கலெக்டர் லூஷிங்டன். பாளையங்களைப் பற்றி இவர் எழுதிய விவரங்களும் லண்டன் போய்ச் சேர்ந்தன.

காவல் முறையைப் பற்றி அவர் எழுதினார். தன் ஊரைக் காப்பது தலக்காவல். சுற்று வட்டாரத்தைக் காப்பது தேசகாவல். இதற்காகப் பாளையக்காரர்கள் ஊராரிடம் கட்டணம் வாங்கினார்கள். "காவல் என்ற பெயரில் பாளையக்காரர்கள் ஜனங்களைக் கசக்கிப் பிழிகிறார்கள்" என்பது லூஷிங்டனின் குற்றச்சாட்டு.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எழுதியவர் யார்? பாளையக்காரர்களின் அதிகாரத்தைப் பறிக்க நினைத்த கம்பெனியின் கலெக்டர்! வழக்கில் ஒரு கட்சிக்காரரே சாட்சியும் சொன்ன மாதிரிதான்.

மறு கட்சி பேச முடிந்ததா? ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி 1795-லேயே பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தது. 1809-ல் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அறிக்கை வந்தபோது அவர் மறைந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

கேட்காத கேள்வி

மன்னர் கதை இருக்கட்டும். களத்து மேட்டில் நின்ற குடியானவரை யாராவது கேட்டார்களா? "அப்பா, உனக்கு எத்தனை மரக்கால் மிஞ்சியது? உன் கண்மாய்க் கரை உடைந்தால் கட்டிக் கொடுக்கிறார்களா?" என்று கேட்டார்களா?

இல்லை. அவரைப் பற்றிக் கலெக்டர்கள் எழுதினார்கள். அவர் பேசவில்லை.

1813-ல் கம்பெனிக்கு உரிமை நீடித்தது. விவசாயியிடம் சர்க்காரே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை சென்னை ராஜதானியில் பல ஜில்லாக்களில் வந்தது. ஆனால் ராமநாதபுரம் 1803-லேயே ஜமீனாகி விட்டது. சேதுபதியின் சகோதரி மங்களேசுவரி நாச்சியாருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தாகி விட்டது. ஆகவே அங்கே ஜமீன் நிலைத்தது.

குடியானவர் பேசினார்!

125 ஆண்டுகள் ஓடின. 1937-ல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. ராமநாதபுரத்தில் மன்னரை எதிர்த்து நின்ற பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் வெற்றி பெற்றார். ராஜாஜி மந்திரிசபை அமைந்தது.

ரெவின்யூ மந்திரி டி. பிரகாசம் தலைமையில் சட்டசபையின் இரு சபைகளும் சேர்ந்து ஒரு கமிட்டி அமைத்தன. ஜமீன் நிலங்களைப் பற்றி விசாரிப்பதே அதன் வேலை. மறுபடியும் காகித மூட்டைகள்! ஜமீன்தார்கள் தங்கள் பழைய சாசனங்களைக் காட்டினார்கள்.

ஆனால் இந்தத் தடவை குடியானவர்களும் மனுக் கொடுத்தார்கள். சாட்சி சொன்னார்கள். நிலம் யாருடையது? தீர்வை எவ்வளவு நியாயம்? நீர்நிலைகளைப் பழுது பார்ப்பது யார் பொறுப்பு? காட்டிலே மாடு மேய உரிமை உண்டா? 1812-ல் கேட்காத கேள்விகள் எல்லாம் இப்போது எழுந்தன.

1938-ல் கமிட்டி தீர்ப்புச் சொன்னது: நிலம் உழுபவருக்கே சொந்தம், ஜமீன்தார் தீர்வை வசூலிப்பவர் மட்டுமே, தீர்வையை 1802-ம் ஆண்டு அளவுக்குக் குறைக்க வேண்டும்.

உடனே சட்டம் வரவில்லை. 1939-ல் மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. ஆனாலும் பேசிய பேச்சு வீண் போகவில்லை. 1947-ல் தீர்வைக் குறைப்புச் சட்டம் வந்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1949-ல் ராமநாதபுரம் ஜமீனைச் சர்க்கார் எடுத்துக் கொண்டது.

மணலில் எழுதிய எழுத்து

முதல் விசாரணையில் குடியானவர் பெயர் ஏட்டில் ஏறியது. இரண்டாவது விசாரணையில் அவர் குரலே ஏட்டில் ஏறியது. பெயர் ஏறியபோது ஒன்றும் மாறவில்லை. குரல் ஏறிய பிறகுதான் நிலம் கைக்கு வந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கலாம். அதில் தாத்தா வைத்த பட்டாவோ, தீர்வை ரசீதோ இருக்கலாம். செல்லரித்த காகிதம்தானே என்று எறிந்து விடாதீர்கள். பிரித்துப் படியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த வாத்தியார் மணலில் எழுதச் சொல்லிக் கொடுத்தாரே, அந்த எழுத்துத்தான் பின்னால் மனுவாகி, சட்டமாகி, பட்டாவாகி வந்தது!