அரசன் வேண்டுமோ? இஸ்லாமியப் பிரிவினரின் கொள்கை வேறுபாடு

கி.பி. 632-இல் நபிகள் நாயகம் மதீனா நகரிற் காலமாயினார். அவர் திருமேனி அடக்கஞ் செய்யப்படுமுன்னரே அந்நகரத்தார் ஒரு பந்தலின்கீழ்க் கூடித் தலைமையைப் பற்றி வாதித்து, அபூபக்கரைத் தேர்ந்தனர். ‘அடுத்த தலைவர் யாவர்?’ என்னும் வினாவால் சுன்னிகளும் ஷியாக்களும் பிரிந்த வரலாறு பலரும் அறிந்ததே. ஆனால் அதனினும் ஆழ்ந்த வினா ஒன்றுண்டு. தலைவன் என்று ஒருவன் வேண்டுமோ என்பதே அது.

இவ்வினா 657-இல் ஸிஃப்பீன் போர்க்களத்தை யொட்டி முளைத்தது. அலியும் முஆவியாவும் தம் வழக்கை நடுவரிடம் விட இசைந்தபோது, அலியின் படையில் ஒரு பகுதியார், ‘தீர்ப்பு இறைவனுக்கே உரியது’ என்று கூவிப் பிரிந்தனர். இவரே காரிஜியாக்கள். சொல் மெய்யே எனினும் அதனாற் கருதிய பொருள் பொய்யென்றும், நல்லனோ தீயனோ, மக்களுக்கு ஓர் ஆள்வோன் இன்றியமையான் என்றும் அலி விடையிறுத்ததாகக் கூறுவர்.

காரிஜியாக்களில் நஜ்தா என்பாரைப் பின்பற்றியோர், மக்கள் இறைவன் சட்டத்தை யறிந்து தம்முள் நீதியாய் ஒழுகுவராயின் இமாம் வேண்டுவதில்லை யென்றனர். அந்த நஜ்தாவோ அரேபியாவின் கீழ்ப்பகுதியைச் சில ஆண்டுகள் தாமே ஆண்டவர்! பின்னர் பஸ்ரா நகரத்து முஃதஸிலா அறிஞராகிய அல்-அஸம் என்பாரும் (இப்பெயர்க்குச் ‘செவிடர்’ என்பது பொருள்) இவ்வாறே கருதினார். ஒருவர்க்கொருவர் அநீதி இழையாராயின் ஆள்வோனுக்கு அங்குத் தொழில் யாது என்பது அவர் வாதம். இவரைச் சட்டத்தை வெறுத்தவர் என்று எண்ணுதல் பெரும் பிழை. சட்டத்தின்மீது கொண்ட அளவற்ற நம்பிக்கையே இவரை இம்முடிபிற்கு உய்த்தது.

பெரும்பான்மையோர் இதனை ஒப்பவில்லை. தலைவனை நிறுவுதல் சமூகத்தின்மேற் பொதுவாக விழுந்த கடமை என்பது சுன்னிகள் கொள்கை. அக்கடமை பகுத்தறிவால் விளைவதோ, மார்க்கக் கட்டளையால் விளைவதோ என்று அறிஞர் பட்ட பிணக்கை, 1058-இல் இறந்த அல்-மாவர்தி தம் அரசியல் நூலிற் குறித்துள்ளார். இவர்க்குப் பின்வந்த கஸ்ஸாலியோ (இறப்பு 1111) வினாவை வீட்டு வாயிலுக்கே கொணர்ந்தார். இமாம் இலர் எனின் காஜிகளை நியமிக்கும் உரிமை யாருக்கு? காஜிகள் இலரெனின் நிக்காஹ் எங்ஙனம் செல்லும்? ஆதலின், தகுதி முற்றும் நிரம்பாதவன் ஆளினும் அவன் ஆட்சியை ஏற்பதே சாலும் என்றார். கொடியவனுக்கும் இடங்கொடுத்துவிடும் வாதம் இது; ஆயினும் குழப்பத்தைக் கண்கூடாகக் கண்டவர் வாதம் என்பதை மறத்தலாகாது.

பன்னிரு இமாம்களைக் கொண்ட ஷியாக்கள் பிறிதொரு நெறியிற் சென்றனர். இமாமை அளித்தல் மக்கள் கடமையன்று, இறைவன் தன் அருளால் தானே மேற்கொண்ட கடமை என்பர் இவர். ஆனால் பன்னிரண்டாம் இமாம் 874-இல் மறைந்தார் என்பதும் இவர் நம்பிக்கையே. இன்றியமையாத தலைவர் கண்ணுக்குப் புலனாகாதபோது ஆள்வோர் யாவர்? சட்ட அறிஞரே என்று 1979-இல் ஈரான் விடையளித்தது. ஷியா அறிஞர் யாவரும் அதனை ஏற்றாரில்லை.

பழைய வழக்கு மீண்டும் எழுந்தது 1924-இல். அவ்வாண்டு மார்ச்சு 3-ஆம் நாள் துருக்கி கிலாபத்தை ஒழித்தது. மறு ஆண்டில், எகிப்து நாட்டு நீதிபதியும் அல்-அஸ்ஹர் பட்டதாரியுமாகிய அலி அப்துல் ராஸிக் என்பவர், கிலாபத்து மார்க்கக் கடமையன்று, நபிகள் நாயகம் அரசு நிறுவ வந்தவருமல்லர் என்று நூலெழுதினார். கிலாபத்தைக் கடமையென அனைவரும் ஒருமுகமாக ஒப்பவில்லை என்பதற்கு, ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னிருந்த அல்-அஸமையே அவர் சான்றாக அழைத்தார். அல்-அஸ்ஹர் மூத்தோர் அவையத்தார் அவரை விசாரித்து, 1925 ஆகஸ்டில் உலமாக்களின் வரிசையினின்றும் நீக்கினர். அவர் நீதிபதிப் பதவியும் அதனோடு போயிற்று.