காத்திருக்கும் காலம் வீணாக வேண்டாம்

பட்டம் பெற்று ஓராண்டாகிவிட்டது. விண்ணப்பங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, பதில்தான் வருவதில்லை. திருமண வீடுகளில் "இன்னும் ஒன்றும் அமையவில்லையா?" என்று கேட்போருக்கு அஞ்சி, பிள்ளை வெளியே வருவதையே குறைத்துக்கொள்கிறான். வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் இப்படி ஒரு மகனோ மகளோ இருக்கக்கூடும்.

வேலை தாமதமாவது குற்றமன்று. அந்தத் தாமதத்தில் கற்றது மறந்து, மனமும் சோர்ந்து போவதே பெரும் இழப்பாகும்.

நம் கோவையின் ஜி.டி. நாயுடுவை எண்ணிப் பாருங்கள். அதிகம் பள்ளி சென்றவரல்லர். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க விரும்பி, உணவு விடுதியில் பரிமாறுபவராக உழைத்துப் பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைக் கழற்றிப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். விடுதி வேலையை அவர் இழிவாகக் கருதவில்லை, அதைப் படிக்கட்டாக்கிக்கொண்டார்.

பம்ப்செட், வார்ப்படம், நூற்பு எனத் தொழில்கள் நிறைந்த ஊர் நம்முடையது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் பழகலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறாதீர்கள். அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அதற்குரிய சாதிச் சான்றிதழை முன்கூட்டியே பெற்று வையுங்கள். கடைசி நாளில் அலைந்து வாய்ப்பை இழக்காதீர்கள்.

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் இரண்டு மணி நேரம் படிப்புக்கு ஒதுக்கலாம். ஒரே விண்ணப்பத்தை எல்லா இடங்களுக்கும் அனுப்பாமல், அந்தந்த வேலைக்கு ஏற்றவாறு திருத்தி எழுதுதல் நலம். நேர்முகத் தேர்வில் விடை தெரியாமல் விழித்த கேள்விகளை அன்றிரவே குறித்துவைத்துப் படித்தால், அடுத்த முறை தடுமாற்றம் குறையும். வெளிநாட்டு வேலை என்று முன்பணம் கேட்கும் முகவர், மத்திய அரசில் பதிவு பெற்றவர்தாமா என்று விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பெற்றோர்களே! மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் "வேலை கிடைத்ததா?" என்று தினமும் கேட்காதீர்கள். "இன்று என்ன கற்றாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சொல்ல அவனிடம் ஏதேனும் ஒன்று இருக்கும். மறுநாளும் நிமிர்ந்து வெளியே செல்ல அது போதும்.