சட்டத்தின் தேதியும் கால் பதிந்த நாளும்



தென்காசி, குற்றாலம் என்றதும் சாரலும் அருவியும் ரசிகமணி டி.கே.சி.யின் விருந்தோம்பலும் இலக்கிய வாசகருக்கு நினைவு வரும். அந்த நினைவுகள் அச்சேறிவிட்டன. சந்தையில் மூட்டை இறக்கியவர்கள், சீசன் முடிந்ததும் அருவிக்கரைக் குப்பையை அள்ளியவர்கள், வீட்டு வாசலில் பீடி சுற்றியவர்கள் ஆகியோரின் நினைவுகளோ பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே இருக்கின்றன. அவற்றை எதற்காக, எப்படித் திரட்டுவது என்று விளக்குவதே இவ்வுரை.

1934 ஜனவரியில் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் காந்தி குற்றாலம் வந்தார். அருவிக்குப் போய்க் குளிக்கத் தலித்துகளுக்கு வழியில்லை என்று அறிந்து, தானும் குளிக்காமல் திரும்பினார். நாம் படிக்கும் இச்செய்தியில் குளிக்காமல் போனவரின் பெயர் இருக்கிறது. குளிக்க விடப்படாதவர்களின் பெயர் இல்லை. அவர்கள் எந்த வருடம், யாரோடு சேர்ந்து, முதன்முதலில் அருவியில் நின்றார்கள்? இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகம் விடை தராது.

சட்டங்களுக்குத் தேதி உண்டு. எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா 1938-இல் சென்னை மாகாணத்தில் சட்டமானது. பொதுக் கிணறும் சாலையும் எல்லாருக்கும் என்றது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைத் தம்ளர் இருந்தது. மகாடிலும் இதே கதைதான். குளத்தைத் திறந்துவிடும் தீர்மானம் 1924-லேயே நகராட்சியில் நிறைவேறியது. அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20-இல். சட்டத்தின் தேதிக்கும் கால் பதிந்த நாளுக்கும் இடையிலுள்ள தூரத்தை, அதை நடந்து கடந்தவர்களின் நினைவைக் கொண்டுதான் நாம் அளக்க முடியும்.

எப்படிக் கேட்பது? “அப்போது தீண்டாமை இருந்ததா, தாத்தா?” என்று கேட்டால், “அதெல்லாம் அந்தக் காலம், இப்ப எதுக்குப்பா?” என்று பேச்சு முடிந்துவிடும். வேலையைக் கேளுங்கள். கூலி நெல்லா, காசா? கையில் கொடுத்தார்களா, தரையில் வைத்தார்களா? டீயை எதில் ஊற்றினார்கள், குடித்ததும் யார் கழுவினார்கள்? எந்தத் தெரு வந்ததும் செருப்பு கைக்குப் போனது? வேலையின் விவரத்தோடு விலக்கின் விவரமும் தானே வரும்.

வருடம் கேட்டால் பலருக்கும் தெரியாது, ஊர் தெரியும். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோதா என்று கேட்டால் 1956-க்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். காசிவிசுவநாதர் கோயிலில் இடிந்து பிளந்து நின்ற ராஜகோபுரம் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990-இல். பக்கத்து மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியது 1981 பிப்ரவரியில். இவை நம் நாட்காட்டி.

பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும். பீடி சுற்றுவோருக்கென்று 1966-இல் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று அது ஏற்றது. ஆனால் ஒருவர் பெயரிலுள்ள பாஸ் புத்தகத்தில் தாய், மகள், மருமகள் என மூவர் உழைப்பும் பதிவாவது பீடித் தொழிலில் வழக்கம். பெயர் இல்லாத இருவருக்கு வருங்கால வைப்பு நிதியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. ஆகவே “யார் பெயரில் சுற்றினீர்கள், ஆச்சி?” என்பதும் வரலாற்றுக் கேள்வியே.

நினைவு பிசகும். ஒரே சம்பவத்தை இரண்டு மூன்று பேரிடம் கேட்போம். பட்டா, ரேஷன் அட்டை, பாஸ் புத்தகம் ஆகியவற்றோடு ஒப்பிடுவோம். பேசியவர் இன்றும் அதே ஊரில், அதே கடைக்காரர்கள் நடுவே வாழ்கிறார் என்பதை மறக்க வேண்டாம். அவர் சம்மதிக்காமல் பெயரை அச்சிட நமக்கு உரிமை இல்லை. பதிவு செய்ய வேண்டாம் என்றால் கருவியை நிறுத்திவிடுவோம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே வெளியிடுவோம்.

1947-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார். மாணவத் தோழர்கள் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒருவரிடம் இந்த மாதமே உட்கார வேண்டும். முதல் கேள்வி எளியது: “நீங்க முதமுதல்ல பார்த்த வேலை என்ன?”