காசிமேட்டை வைத்து ஒரு பகடைக் கதை: சண்டை எவ்வளவு, தேடல் எவ்வளவு?

ஒரு கத்திச் சண்டை. கதைக்குள் அது நடப்பது வெறும் 24 விநாடி. ஆனால் டேபிளைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் அதை ஆடி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்தச் சண்டைக்கு முன் மூன்று நாள் காட்டைக் கடந்து வந்தார்களே, அது? "சரி, வந்து சேர்ந்துட்டீங்க." ஒரே வரி. அவ்ளோதான்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' போன்ற ரோல்-ப்ளேயிங் கேம்களை ஆடுபவர்கள் அடிக்கடி புலம்பும் விஷயம் இது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி முடிவெடுப்பார்கள், பகடை விளைவைச் சொல்லும். இதில் சண்டைக்கு ஒரு ரவுண்டு என்பது 6 விநாடி. ஒவ்வொரு ரவுண்டிலும் ஒவ்வொருவரும் பகடை உருட்ட வேண்டும், அடியைக் கழிக்க வேண்டும். விதிகள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றனவோ, நேரமும் அங்கேதான் போகும்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் இந்த கேமை வெளியிட்டபோது, சண்டைக்கான அடிப்படை 'செயின்மெயில்' என்ற 1971-ம் ஆண்டுப் போர் விளையாட்டிலிருந்து வந்தது. வெளியே சுற்றித் திரிவதற்கு, 1972-ல் வந்த 'அவுட்டோர் சர்வைவல்' விளையாட்டின் வரைபடப் பலகையைப் பயன்படுத்தச் சொன்னார்கள். பசியோடும் தாகத்தோடும் காட்டில் வழி தேடுகிற விளையாட்டு அது.

1981 பதிப்பு இன்னும் சுவாரஸ்யம். ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 அனுபவப் புள்ளி. அதன் குகையிலிருந்து 100 தங்கக் காசைச் சத்தமில்லாமல் தூக்கி வந்தால் 100 புள்ளி. அப்புறம் யார் வாளை உருவுவார்கள்? சும்மா நின்று யோசிக்கவும் முடியாது. பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, ஏதாவது வந்து மாட்டுமா என்று பகடை உருளும். எதிரிகளுக்கும் துணிச்சல் அளவு உண்டு, பகடை சரியில்லை என்றால் ஓடிவிடுவார்கள். தேடலும் சண்டையும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளாக இருந்தன. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு தேடல், உரையாடல், சண்டை என மூன்று தூண்களைச் சொல்கிறது. தூண்கள் மூன்று என்றாலும், விதிகளின் பாரம் சண்டையின் மேல்தான்.

இதைக் காசிமேட்டில் வைத்துப் பார்க்கலாம். டேபிள் மேல் ஆடும் ஆட்டம் வடசென்னைக்குப் புதிதல்ல. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண்தான். ஆனால் கதை என்று வந்தால் ஏரியாவின் பெயரைச் சொன்னதுமே கத்தி, கேங், பழிவாங்கல். சினிமா பழக்கிவிட்ட பழக்கம். பகடைக் கதையும் அதையே செய்தால், துறைமுகம் வெறும் சண்டைக் களமாகச் சுருங்கிவிடும்.

உண்மையில் கடலுக்குப் போவதே ஒரு தேடல்தான். எத்தனை நாளுக்கு டீசல்? ஐஸ் எவ்வளவு? மீன் கிடைக்கும் முன்பே ஐஸ் உருகினால் என்ன ஆகும்? பந்தத்துக்குப் பதில் ஐஸ் என்று மாற்றிப் போட்டால் போதும், 1981-ன் விதி அப்படியே பொருந்தும். நடுக்கடலில் இன்னொரு படகு வலையை அறுக்க வருகிறது. "அண்ணே, மோதிப் பாத்துடலாமா?" மோதலாம், ஆனால் அதற்குள் மீன் கூட்டம் நகர்ந்துவிடும். இப்போது சண்டைக்கு ஒரு விலை இருக்கிறது. வீரர்கள் நிஜமாகவே யோசிப்பார்கள்.

வாளால் வெட்ட முடியாத எதிரியும் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. வலையும் படகும் கறுத்தன. கற்பனைக் கதையில் அப்படி ஒரு கறுப்பு நீர் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கால்வாய் வழியே எதிர்நீச்சல் போட வேண்டும், ஏலம் விடுபவரிடம் பேச வேண்டும், அலையாத்திச் செடிகளுக்குள் நுழைய வேண்டும். வழியில் யாராவது தடுத்தால் சண்டை வரட்டும். ஜெயித்தால் ஒரு துப்பு, தோற்றால் வேறு வழி. இரண்டிலும் வரைபடம் மாற வேண்டும். யாரும் எதையும் தெரிந்துகொள்ளாத சண்டையைத் தயங்காமல் வெட்டிவிடலாம்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு சரிவராது. வேலை முடிந்து வெள்ளி இரவு களைப்பாக வந்தவர்களுக்கு நாலு பேரை அடித்துப் போட்டால்தான் தூக்கம் வரும், அதிலும் தப்பில்லை. ஆட்டம் தொடங்குமுன் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் காலண்டர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில். கதைக்குள்ளும் அந்த நாள் வந்துவிட்டால், கையிருப்பில் இருக்கும் காசை எண்ணிவிட்டு, கறுப்பு நீரைத் தேடி எந்த நாட்டுப்படகில் ஏறுவது என்று வீரர்கள் பேரம் பேச ஆரம்பிப்பார்கள்.