நிரலாக்கத்துக்கான மடிக்கணினி இயங்குதளம்

நாள்தோறும் நிரல் எழுதுபவர்கள் தங்கள் மடிக்கணினிக்குப் பெரும்பாலும் விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்கின்றனர். எழுதும் நிரல் எங்கே இயங்கப்போகிறது, அதற்கான கருவிகள் எந்த இயங்குதளத்தில் கிடைக்கின்றன என்பவையே இதில் முதலில் பார்க்க வேண்டியவை. தோற்றமும் பழக்கமும் பிறகுதான்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். 1985இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இங்கு உள்ளது. சுற்றிலும் ஒரகடம் வரை தொழிற்சாலைகள். ஆலை எந்திரங்களை இயக்கும் பிஎல்சி கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு நிரல் எழுதப் பயன்படும் சீமென்ஸின் டிஐஏ போர்ட்டல் விண்டோஸில் மட்டுமே இயங்கும். சாலிட்வொர்க்ஸ் வடிவமைப்பு மென்பொருளும் அப்படித்தான். எனவே ஆலை வேலையை நாடும் மாணவருக்கு விண்டோஸ் இல்லாமல் முடியாது. இணையச் செயலி எழுதுபவரின் நிரலோ பெரும்பாலும் லினக்ஸ் வழங்கியில்தான் இயங்கும். அவர் லினக்ஸிலேயே எழுதினால், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறிப்போவதால் வரும் பிழை தம் கணினியிலேயே தெரிந்துவிடும். விண்டோஸில் அது வழக்கமாக மறைந்தே இருக்கும். ஐபோன்கள் இந்த வட்டாரத்திலேயே தயாராகின்றன. ஆனாலும் அவற்றுக்குச் செயலி உருவாக்கும் எக்ஸ்கோடு மேக்ஓஎஸ்ஸில் மட்டுமே உண்டு.

இரண்டு இயங்குதளங்களும் தேவைப்படுவோர் பலர். தமிழ்நாடு அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இந்த முறையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறக் கணினியை ஒவ்வொரு முறையும் நிறுத்தித் தொடங்க வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் 2 வசதி, 2020 மே மாதப் பதிப்பிலிருந்து இந்தச் சிரமத்தை நீக்கியது. இதில் நிரல் கோப்புகளை லினக்ஸ் பகுதியிலேயே வைப்பது நல்லது. சி டிரைவில் வைத்தால் வேகம் வெகுவாகக் குறையும். 8 ஜிபி நினைவகம் இதற்குச் சற்று நெருக்கடிதான். 16 ஜிபி இருந்தால் கவலையில்லை.

பழைய மடிக்கணினி வைத்திருப்போரின் நிலை வேறு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு பல பழைய கணினிகளில் இல்லை. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோதும் இதே சிக்கல் எழுந்தது; தமிழ்நாடு அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. புதிய கணினி வாங்க இயலாத மாணவருக்கு லுபுண்டு, எக்ஸ்எஃப்சிஇ முகப்புள்ள லினக்ஸ் மின்ட் போன்ற எடை குறைந்த லினக்ஸ் வகைகள் போதும். நிறுவும் முன் பென் டிரைவிலிருந்து இயக்கி, வைஃபை, ஒலி, திரை வெளிச்சம் ஆகியவை சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால், கோப்புகளுக்கு நகல் எடுப்பதோடு பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டையும் தனியே எழுதி வைக்க வேண்டும். தொடக்க அமைப்புகள் மாறியதும் கணினி அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளைத் திறக்க வழியில்லை.